வீட்டுல எலித் தொல்லையா? விஷம் வைக்காம ஒழிக்கிறது எப்படி, முழு வழிகாட்டி

ராத்திரி பரண்மேல கரகரன்னு சத்தம், காலைல பார்த்தா குளிக்கிற சோப்புல பல் தடம், கூடையில ஒரு உருளைக்கிழங்கு பாதி காலி. இந்த அளவுக்கு வந்துட்டா எலி உங்க வீட்டுல குடியே வந்துடுச்சுன்னு அர்த்தம். ஒன்னு ரெண்டு தானேன்னு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. சுண்டெலி சினை பிடிச்ச 3 வாரத்துல குட்டி போட்டுடும், ஒரு ஈத்துக்கு 5லருந்து 8 குட்டி, அந்தக் குட்டிங்க ஒன்றரை ரெண்டு மாசத்துல தானும் சினைக்கு வந்துடும். அதனால இன்னைக்கு ஒரு ஜோடியா இருக்கிறது தீபாவளிக்குள்ள எத்தனை ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

நிறைய வீட்டுல நடக்கிறது என்னன்னா எலி கண்ணுல பட்ட உடனே கடைக்கு ஓடிப் போய் ஒரு பொறியோ ஒரு விஷ பாக்கெட்டோ வாங்கிட்டு வந்து வச்சுடுறாங்க, ரெண்டு எலி சாகுது, ஒரு வாரம் நிம்மதியா இருக்கு, அப்புறம் மறுபடியும் அதே கரகர. ஓட்டை அப்படியே இருக்கே, வேற எலி வந்துடுது, அவ்வளவுதான் விஷயம். அதனால நான் சொல்ற வரிசை இது: வந்திருக்கிறது என்ன எலின்னு பாருங்க, எந்த வழியா வருதுன்னு கண்டுபிடிங்க, வழிய அடைங்க, சாப்பாட்ட மூடுங்க, கடைசியா பொறி. விஷம் இந்த வரிசையிலேயே கிடையாது, ஏன்னு கீழ தனியா சொல்றேன், அத மட்டுமாவது முழுசா படிங்க.

வந்திருக்கிறது யாரு

நம்ம ஊர் வீட்டுக்குள்ள வர்றது பெரும்பாலும் நாலு வகை. சுண்டெலி சின்னது, 20 கிராம் கூட இருக்காது, அலமாரி, கபோர்டு, அரிசி டப்பா பின்னாடின்னு உள்ளயே குடித்தனம் பண்ணும். வீட்டு எலி அதவிட நல்லாவே பெருசு, வால் உடம்பவிட நீளம், கேபிள் வயர் மேல நடந்து, முருங்கைக் கிளையில தாவி, மேல்வழியா பரணுக்கு வரும். பெருச்சாளி அரை கிலோவுக்கும் மேல, சாக்கடை ஓரமும் தோட்டத்துலயும் வளை தோண்டும், கீழ்வழியாத்தான் வரும். நாலாவது மூஞ்சூறு. இது எலி இனமே கிடையாது, நீள மூக்கு, ஒரு மாதிரி நாத்தம், சுவர் ஓரமா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே ஓடும், கரப்பான்பூச்சி தின்ன வருது. அதக் கொல்ல வேண்டிய அவசியமே இல்ல, பாத்ரூம் ஜாலிய சரி பண்ணி, கரப்பான ஒழிச்சா அதுவா வர்றத நிறுத்திடும்.

நேர்ல பார்க்க முடியலன்னா புழுக்கைய பாருங்க. சுண்டெலி புழுக்கை அரிசி அளவு கூட இருக்காது, 3லருந்து 6 மில்லிமீட்டர், ரெண்டு முனையும் கூர்மை. பெரிய எலியோடது ஒரு சென்டிமீட்டருக்கு மேல. நுனியில வெள்ளையா ஒட்டிட்டு இருந்தா அது பல்லி, பயப்படாதீங்க. ஒரே சுண்டெலி ஒரு நாளைக்கு 50க்கு மேல புழுக்கை போடும், அதனால நிறைய கிடக்குதுன்னா எலியும் நிறையன்னு அர்த்தமில்ல, ஆனா ஒரே இடத்துல குவியலா கிடந்தா கூடு பக்கத்துலதான் இருக்கு.

எந்த வழியா வருது

இதுக்கு ஒரு சாயங்காலம் முழுசா ஒதுக்குங்க. எலி நடுக்கூடத்துல நடக்காது, சுவர ஒட்டித்தான் போகும், தினமும் அதே தடம். ஒரே தடத்துல உடம்பு உரசி உரசி சுவர் அடியில, பைப் ஓரத்துல கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும். டார்ச்ச நேரா அடிக்காம சுவர ஒட்டி சாய்ச்சு அடிச்சா அது நல்லா தெரியும்.

எனக்கு தெரிஞ்சு இருக்கிறதுலயே நல்ல வழி கோலமாவுதான். கல்லுமாவு கோலப்பொடியா இருக்கணும், அரிசி மாவுன்னா அதையே நக்கிட்டுப் போயிடும். ராத்திரி படுக்கப் போறப்ப பிரிட்ஜ் பின்னாடி, சிங்க் அடியில, பரண் விளிம்புல, பின்கதவு அடியில மெல்லிசா தூவி விடுங்க, காலைல பார்த்தா சின்னச் சின்ன கால் தடமும் நடுவுல வால் இழுத்த கோடும் எங்கருந்து எங்க போகுதுன்னு அப்படியே தெரியும். இன்னொன்னு, சந்தேகமான ஓட்டையில எல்லாம் பேப்பர சுருட்டி லேசா அடைச்சு வைங்க. மறுநாள் எந்தப் பேப்பர் கடிபட்டு வெளிய தள்ளியிருக்கோ அதுதான் ஓடிட்டு இருக்கிற வழி.

தேட வேண்டிய இடம்: சிங்க் பைப் சுவருக்குள்ள போற இடம், கேஸ் டியூப் வெளிய போற ஓட்டை, ஏசி பைப் ஓட்டை, வாஷிங் மெஷின் தண்ணி வெளிய போற பைப், எக்ஸாஸ்ட் ஃபேன், பாத்ரூம் வெண்டிலேட்டர், மாடிக் கதவு அடி, ஈபி வயர் வர்ற துளை. ஓட்டு வீடா இருந்தா சுவரும் ஓடும் சேர்ற இடம். "இவ்வளவு சின்ன ஓட்டையில எப்படி வரும்"னு நினைக்காதீங்க, 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா சுண்டெலி உடம்ப நசுக்கிட்டு உள்ள வந்துடும். ஒரு பென்சில எடுத்துட்டுப் போங்க, அது நுழையிற எல்லா ஓட்டையும் அடைக்க வேண்டிய ஓட்டை.

அடைக்கிறது, இதுதான் முக்கால்வாசி வேலை

துணி, தெர்மாகோல், ஸ்ப்ரே ஃபோம், அட்டை எதையும் நம்பாதீங்க, ஒரே ராத்திரியில கடிச்சுத் தள்ளிடும். எலிக்கு முன் பல் சாகிற வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், அதனால கடிக்கிறது அதோட இயல்பு, பசிக்காக மட்டும் இல்ல.

சின்ன ஓட்டைக்கு பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்க்ரப்பர பிச்சு, இறுக்கமா ஒரு குச்சியால திணிங்க, அதுமேல எம்சீல் இல்லன்னா சிமெண்ட் பூசுங்க. ஸ்க்ரப்பர் மட்டும் வச்சா இழுத்துப் போட்டுடும், சிமெண்ட் மட்டும் வச்சா ஈரமா இருக்கிறப்பவே தோண்டிடும், ரெண்டும் சேரணும். பெருச்சாளி வளைக்கு நம்ம பெரியவங்க உடைஞ்ச கண்ணாடிச் சில்ல சிமெண்ட்டுல கலந்து அடைப்பாங்க, அது இன்னைக்கும் வேலை செய்யுது, கையில கிளவுஸ் போட்டுக்கோங்க, குழந்தைங்க கை படுற இடத்துல வேண்டாம்.

வெண்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு கொசுவலை பத்தாது, நைலான் வலைய கிழிச்சுடும். ஹார்ட்வேர் கடையில 6 மில்லிமீட்டருக்கு மேல கண் இல்லாத இரும்பு வலை கேட்டு வாங்கி, ஆணி அடிச்சு இல்ல ஸ்க்ரூ போட்டு நாலு பக்கமும் விளிம்போட இறுக்குங்க. கதவு அடியில இடைவெளி இருந்தா அலுமினியப் பட்டை வச்ச டோர் ஸ்ட்ரிப் போடுங்க, வெறும் ரப்பர்னா ஓரத்துலருந்து கொறிக்க ஆரம்பிக்கும். பாத்ரூம், சிங்க் ஜாலி உடைஞ்சிருந்தா ஸ்க்ரூ வச்ச ஸ்டீல் ஜாலியா மாத்துங்க. மரக்கிளை மாடியத் தொட்டுட்டு இருந்தா ஒரு மீட்டராவது தள்ளி வெட்டி விடுங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைக்க முடியலன்னாலும் பரவாயில்ல, வெளிப்பக்கச் சுவருல இருக்கிறத முதல்ல அடைங்க. உள்ள மாட்டின எலிய பொறி பார்த்துக்கும். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட போட்டோ எடுத்து அனுப்பி சொல்லிட்டு செய்யுங்க, ஸ்க்ரப்பரும் எம்சீலும் பெரிய செலவு இல்ல, அவர் வர்ற வரைக்கும் காத்திருந்தா எலி காத்திருக்காது.

கேஸ் டியூப், வயர், விளக்குத் திரி

இத தனியா சொல்றதுக்கு காரணம் இருக்கு, எலியால உயிருக்கே ஆபத்து இங்கருந்தும் வரலாம். சிலிண்டர் டியூப்ப இன்னைக்கே கையால தடவிப் பாருங்க, பல் தடம் இருந்தா உடனே மாத்துங்க. உள்ள ஸ்டீல் கம்பி பின்னின, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட சுரக்‌ஷா ஹோஸ் உங்க கேஸ் ஏஜென்சியிலயே கிடைக்கும், அதுவும் 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். கேஸ் வாசம் அடிச்சா எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னல திறந்து, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு வெளிய நின்னு 1906க்கு போன் போடுங்க.

பிரிட்ஜ் பின்பக்கம், வாஷிங் மெஷின் அடி, இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் வயர பாருங்க. செம்பு தெரிஞ்சா தொடாதீங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. வாஷிங் மெஷின் அடிப்பக்கம் நிறைய மாடல்ல திறந்துதான் இருக்கும், அதுக்கு மாட்டுற தட்டு கடையில கிடைக்குது. பூஜை ரூம்ல எண்ணெய் வாசத்துக்கு திரியையே எலி இழுத்துட்டுப் போகும், எரியிற விளக்கா இருந்தா நினைச்சுப் பாருங்க. எலி இருக்கிற வரைக்கும் படுக்கப் போறப்ப விளக்க மலையேத்திட்டு திரிய எடுத்து மூடி வச்சுடுங்க.

சாப்பாட்ட மூடுறது

சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி போதும், அடுப்பு மேடையில சிந்தின பொட்டுக்கடலையே அதுக்கு விருந்து. ரேஷன் அரிசி சாக்கு, பருப்பு பாக்கெட், நாய் பிஸ்கட் எல்லாம் மூடி இறுகின எவர்சில்வர் டப்பாவுக்கோ டிரம்முக்கோ போகணும், பிளாஸ்டிக் டப்பாவ ஓரத்துலருந்து கடிச்சு ஓட்டை போட்டுடும். வெங்காயம் உருளை கூடைய ராத்திரி மட்டும் ஒரு பெரிய பாத்திரத்தால கவுத்து மூடலாம். எச்சில் பாத்திரம் சிங்க்ல கிடக்கக் கூடாது, குப்பைக் கூடைக்கு மூடி வேணும், சோப்ப டப்பாவுல மூடுங்க. எலி வாய் வச்ச எதையும் வெட்டிட்டு மிச்சத்த சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, முழுசா தூக்கிப் போடுங்க.

பரண்ல இருக்கிற பழைய நியூஸ் பேப்பர், கொலு பொம்மை சுத்தி வச்ச துணி, கிழிஞ்ச தலையணை, இதெல்லாம்தான் கூடு கட்ட பஞ்சு. பொம்மைய டிரங்குப் பெட்டியிலயும், சர்டிபிகேட், பத்திரம், பட்டுப்புடவைய பீரோவுலயும் வைங்க. பரண இறக்கிப் பார்க்கிறப்ப ரோஸ் கலர்ல கண் திறக்காத குட்டிங்க இருந்தா தாய் பக்கத்துலதான் இருக்கு, அன்னைக்கு ராத்திரி பொறிய அங்கயே வைங்க.

பொறி வைக்கிற முறை

ஒரே ஒரு பொறிய நடுக்கிச்சன்ல வச்சுட்டு மாட்டலன்னு சொல்றவங்கதான் அதிகம். சுண்டெலி கூட்டுலருந்து பத்து மீட்டருக்குள்ளயே சுத்தி வர்ற ஜீவன், அதனால தடம் இருக்கிற சுவர ஒட்டி ரெண்டு மீட்டருக்கு ஒன்னுன்னு, சின்ன வீட்டுக்கே ஆறு பொறியாவது முதல் ராத்திரி வேணும். பக்கத்து வீட்டுல, சொந்தக்காரங்ககிட்ட இரவல் வாங்கிக்கலாம். அடிப்பொறின்னா இரை வைக்கிற முனை சுவரத் தொடுற மாதிரி குறுக்கா வைங்க. கூண்டுன்னா வாய் சுவர் ஓரத் தடத்துக்கு நேரா இருக்கணும்.

இரைக்கு தேங்காய்க் கீத்த அடிச்சுக்க எதுவும் இல்ல. கீத்த ஒரு கம்பியில குத்தி அடுப்புல காட்டுங்க, ஓரம் கருகி எண்ணெய் கசிஞ்சு வீடே மணக்கணும், அந்த வாசம்தான் வேலை செய்யுது. கொக்கியில சும்மா மாட்டாம நூலால ரெண்டு சுத்து கட்டுங்க, அப்பதான் எலி இழுக்கும், இழுத்தாத்தான் கதவு விழும். கருவாட்டுத் தலை, மசால் வடைத் துண்டும் நல்லா வேலை செய்யும். சுண்டெலிக்கு அடிப்பொறியில வேர்க்கடலைய அரைச்சு ஒரு பட்டாணி அளவு அப்பினா போதும், நிறைய வச்சா ஓரத்துல நக்கிட்டு தப்பிச்சுடும்.

சுண்டெலிக்கு புதுப் பொருள்னா ஆர்வம், முதல் நாளே பொறிய ஏத்தி வைக்கலாம், ரெண்டு மூணு ராத்திரி மாட்டலன்னா இடத்த மாத்துங்க. பெரிய எலி அப்படியே நேர்மாறு, புதுசா எதப் பார்த்தாலும் பயப்படும். அதுக்கு மூணு நாலு நாள் பொறிய ஏத்தாம இரைய மட்டும் வச்சு தின்ன விடுங்க, தைரியமா வந்து தின்ன ஆரம்பிச்சதும் எல்லாப் பொறியையும் ஒரே ராத்திரியில ஏத்துங்க. குழந்தை இருக்கிற வீட்டுல அடிப்பொறிய ஓட்டை போட்ட ஷூ டப்பாவுக்குள்ள வச்சு, கனமா எதையாவது மேல வைங்க.

பசை அட்டைய நான் சிபாரிசு பண்ண மாட்டேன். உயிரோட ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா துடிக்கும், அந்தத் துடிப்புல மூத்திரமும் புழுக்கையும் அங்கயே போகும், பல்லி, அணில் குட்டி, குருவி எல்லாம் சேர்ந்து மாட்டும். இந்திய விலங்கு நல வாரியமே இத நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. கூண்டுல பிடிச்சத அடுத்த தெருவுல விட்டா திரும்பி வரும், இல்ல அந்தத் தெருக்காரங்க வீட்டுக்குப் போகும். பக்கெட் தண்ணியில முக்குறது ரொம்பக் கொடுமை. வேற வழியில்லாம கொல்லணும்னா சரியா வச்ச அடிப்பொறிதான் ஒரே அடியில முடிக்கும், என் முடிவு அதுதான். கூண்டு வச்சா காலையும் மாலையும் கட்டாயம் பாருங்க, பட்டினியில சாக விடாதீங்க.

விஷம் ஏன் வேண்டாம்

டியூப்ல வர்ற எலி பேஸ்ட்ல இருக்கிறது மஞ்சள் பாஸ்பரஸ். அதுக்கு முறிவு மருந்தே கிடையாது. குழந்தை பிஸ்கட்ல தடவி வச்சத வாயில போட்டுட்டா முதல் நாள் வாந்தி, வயித்து வலி வரும், அப்புறம் ஒன்னு ரெண்டு நாள் நல்லாயிட்ட மாதிரி தெரியும், அந்த நேரத்துலதான் உள்ள ஈரல் கெட்டுட்டு இருக்கும். எத்தனையோ உயிர் போனதாலதான் தமிழ்நாட்டு அரசு இத விக்கவே தடை போட்டிருக்கு. எங்கயாவது பெட்டிக்கடையில இன்னும் குடுத்தா வாங்காதீங்க, வீட்டுல பழைய டியூப் கிடந்தா இன்னைக்கே வெளியேத்துங்க.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டா விஷ வாயுவ கக்கும், அது வீட்டுக்கான பொருளே இல்ல. 2024 நவம்பர்ல சென்னை குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டுல பூச்சி மருந்துக் கம்பெனி ஆளுங்க எலி மருந்து வச்சுட்டுப் போன ராத்திரி ஏசி போட்டுட்டுத் தூங்கின குடும்பத்துல ரெண்டு பச்சப் பிள்ளைங்க இறந்துபோச்சு, அப்பா அம்மா ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அந்தச் செய்திய படிச்ச யாரும் படுக்கிற ரூம்ல எலி மருந்து வைக்க ஒத்துக்கவே கூடாது.

புரோமடையோலோன் கேக் இருக்கு, ரத்தத்த உறைய விடாம பண்ணி நாலஞ்சு நாள்ல கொல்லும். "தண்ணி தேடி வெளிய போய் செத்துடும்"னு கடையில சொல்றது உண்மையில்ல, பரண் மூலையிலயோ ஃபால்ஸ் சீலிங் உள்ளயோ செத்து வாரக்கணக்கா நாறும். அந்த எலிய தின்ன பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகலாம். பெஸ்ட் கண்ட்ரோல் கூப்பிட்டே ஆகணும்னா என்ன மருந்து, பேர் என்னன்னு எழுதி வாங்குங்க, லைசென்ஸ் கேளுங்க, பூட்டின பெட்டிக்குள்ள கேக்க வச்சு வீட்டுக்கு வெளிப்புறம் மட்டும் வைக்கச் சொல்லுங்க, பொடி தூவுறேன், மாத்திரை போடுறேன்னா திருப்பி அனுப்பிடுங்க. யாராவது எலி மருந்த தெரியாம வாயில வச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணி அந்த பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அப்புறம் அந்த ப்ளக்ல மாட்டுற சத்தக் கருவி. அந்த ஒலி சுவரத் தாண்டாது, அலமாரியத் தாண்டாது, எலியும் சீக்கிரம் பழகிடும். அமெரிக்காவுல 2001லயே இந்தக் கருவி விக்கிற 60க்கு மேல கம்பெனிங்கள ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு அரசு எச்சரிச்சிருக்கு. ரசகற்பூர உருண்டையும் எலிய விரட்டாது, குழந்தை மிட்டாய்னு வாயில போட்டா அதுதான் ஆபத்து.

சுத்தம் பண்றப்ப

புழுக்கைய விளக்குமாத்தால பெருக்காதீங்க, வேக்குவமும் போடாதீங்க, காஞ்ச தூசி மூக்குக்குள்ள போயிடும். ஜன்னல திறந்து அரை மணி நேரம் காத்தோட விடுங்க, கிளவுஸ், மாஸ்க் போட்டுக்கோங்க. ப்ளீச் ஒரு பங்கு தண்ணி ஒன்பது பங்கு கலந்து புழுக்கை, மூத்திரக் கறை எல்லாம் நனையிற மாதிரி ஊத்தி 5 நிமிஷம் ஊற விட்டு, பழைய துணியால துடைச்சு, துணியோட ரெண்டு கவர்ல போட்டுக் கட்டி குப்பையில போடுங்க. செத்த எலிக்கும் இதே முறைதான். ப்ளீச்சோட டாய்லெட் ஆசிட்ட சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும்.

எலிக்காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த தண்ணியாலயும் ஈரத்தாலயும்தான் பரவுது, காலுல சின்ன வெட்டு இருந்தா அது வழியா உள்ள போகும், அதனால மழை நேரத்துல அதிகமா வரும். காய்ச்சலோட கெண்டைக்கால் சதை கடுமையா வலிச்சு, கண் சிவந்து, இல்ல மஞ்சளா மாறினா டாக்டர்கிட்ட "வீட்டுல எலி இருக்கு"ன்னு நீங்களே சொல்லுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாட்டிக்லயே சரியாகிடும். கடிச்சிருந்தா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டர பாருங்க.

அபார்ட்மெண்ட்டா இருந்தா

நீங்க மட்டும் அடைச்சா பாதிதான். பைப் எல்லாம் போற டக்ட் வழியா கீழ் வீட்டு எலி மேல் வீட்டுக்கு ஏறும், அதனால அசோசியேஷன்ல பேசி டக்ட் கதவு, குப்பைத் தொட்டி, பார்க்கிங் ஓர வளை எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிக்கணும். தெருக் குப்பையும் சாக்கடையும்தான் மூலம்னா சென்னையில 1913க்கு மாநகராட்சி புகார் போடலாம், மத்த ஊர்ல உங்க நகராட்சி, பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. தோட்டத்துல பெருச்சாளி வளை இருந்தா கைய விட்டுப் பார்க்காதீங்க, எலி இருக்கிற வளைய தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும்.

ரெண்டு வாரம் தொடர்ந்து புதுப் புழுக்கை இல்ல, இரை கடிபடலன்னா காலியாகிடுச்சுன்னு எடுத்துக்கலாம். அப்பவும் ரெண்டு பொறிய சிங்க் அடியிலயும் பரண்லயும் விட்டு வைங்க. ஐப்பசி மழை தொடங்கினா வெளி வளையில தண்ணி புகுந்து எலி எல்லாம் வீட்டப் பார்த்துதான் வரும், அதனால புரட்டாசி கடைசியிலயே பென்சில எடுத்துட்டு வெளிச் சுவர ஒரு சுத்து சுத்தி, விரிசல் விட்ட சிமெண்ட்ட பூசி, ஜாலி ஸ்க்ரூவ இறுக்கி முடிச்சுடுங்க.